சபர் வருவோர்க்கு ஒரு பாடம்: போன் லைனும் வீட்டு இண்டர்நெட்டும்



சரக்குக் கொள்முதல் செய்யும்போது நாம் என்ன செய்கிறோம்? மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறோம், கையில் அள்ளி முகர்ந்து பார்க்கிறோம், நிறையைச் சரிபார்க்கிறோம், தவணை எத்தனை நாள் என்று கேட்டுக் கச்சாத்தில் எழுதி வாங்கிக்கொள்கிறோம். பத்து வெள்ளி மிளகாய்க்கு இத்தனை விசாரணை செய்கின்ற நாம், இரண்டு வருஷம் நம்மைக் கட்டிப்போடும் ஒரு போன் ஒப்பந்தத்திற்குக் கண்ணாடித் திரையின்மீது விரலால் ஒரு கோடு கிழித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால், "அவர்தான் சொன்னார்" என்கிறோம். இது வியாபாரிக்கு அழகன்று.

ஊரிலிருந்து புதிதாய்ச் சபர் வருகின்ற நம் பிள்ளைகளின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மொழி புதிது, சட்டம் புதிது, பணக் கணக்கும் புதிது. உம்மாவின் குரலைக் கேட்க வேண்டும் என்ற அவசரத்தில் முதலில் கண்ட கடையில் முதலில் நீட்டப்பட்ட சிம்மை வாங்கிவிடுகிறார்கள். ஆதலின், பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருக்கும் நாம், அப்படி வருவோர்க்கும் அவர்களை வேலைக்கு அழைக்கும் முதலாளிமார்க்கும் பயன்படும்படி இப்பாடத்தை எழுதலானோம்.

செய்தி கடந்து வந்த பாதை

நம் முன்னோர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1970களின் தொடக்கம் வரை ஓடிய 'ரஜூலா' கப்பலைப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். போன மகன் சேர்ந்தானா என்பதை அறிய வீட்டார் கடிதத்திற்காக நாட்கணக்கில் காத்திருப்பார்கள். சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடியில் தந்திக் கம்பி போடப்பட்டது 1870-71ஆம் ஆண்டுகளில். எனினும் தந்தி என்பது வியாபாரத்துக்கும் மவுத்துச் செய்திக்கும் உரியதாகவே சாமானியருக்கு இருந்தது. இன்று அதே கடலின் அடியில் சென்னையையும் பினாங்கையும் தொடுகின்ற கண்ணாடி இழைக் கேபிள்கள் கிடக்கின்றன. அதன் பயனாய்க் கடைத்தெருவில் நின்றுகொண்டே ஊரிலிருக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறோம்.

இது பெரிய நிஃமத்துதான். ஆனால் வசதி பெருகப் பெருக அதற்குரிய கணக்கும் சிக்கலாகிவிட்டது. அக்கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்.

முதற் பாடம்: ஊரில் செய்ய வேண்டியவை

புறப்படுமுன் செய்ய வேண்டிய காரியங்கள் மூன்று உண்டு.

ஒன்று, ஊர் எண்ணைக் காப்பது. இந்தியாவில் உள்ள பாங்கிக் கணக்கு, ஆதார், வரிக் கணக்கு யாவும் அந்த எண்ணோடு பிணைந்துள்ளன. பாங்கி அனுப்பும் ஓடிபி எண்ணும் அதற்கே வருகிறது. பிரீபெய்ட் எண்ணைத் தொடர்ந்து 90 நாள் எதற்கும் உபயோகிக்காமலும் பணம் போடாமலும் விட்டால் அது துண்டிக்கப்பட்டு நாளடைவில் வேறொருவர் கைக்குப் போகலாம். பிறகு நம் பாங்கிச் செய்தி அவருக்குப் போகும்; நம் பணத்தை நாமே எடுக்க இயலாமல் திண்டாடுவோம். டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் கொண்ட ரீசார்ஜ்களை எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று இந்தியாவின் டிராய் ஆணையம் 2024 டிசம்பரில் விதி செய்தது. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் எண்ணை உயிரோடு வைக்க இதுவே சிக்கனமான வழி.

இரண்டு, ரோமிங். ஊர் சிம்முக்கு இங்கே எஸ்எம்எஸ் வர வேண்டுமானால் சர்வதேச ரோமிங்கை ஊரிலேயே திறந்துகொண்டு வருவது நலம். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டறிக. அந்தச் சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் கட்டாயம் மூடி வைக்க வேண்டும். விமானம் இறங்கியதும் போன் தானே டேட்டாவை இழுக்கத் தொடங்கினால், சில நிமிஷத்தில் போட்ட பணம் கரைந்துவிடும்.

மூன்று, போன். மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. ஆதலால் 4ஜி இல்லாத பழைய போனைக் கொண்டுவந்தால் இண்டர்நெட் ஓடாது என்றே கொள்ளலாம். இரண்டு சிம் போடத்தக்க 4ஜி அல்லது 5ஜி போனாகக் கொண்டு வருக: ஒன்று ஊர் எண்ணுக்கு, மற்றொன்று இந்நாட்டு எண்ணுக்கு.

இரண்டாம் பாடம்: தன் தேவையை அளத்தல்

எத்தனை ஜிபி வேண்டும் என்று கேட்டால் பலர், "அதிகம் உள்ளதைக் கொடுங்கள்" என்கிறார்கள். தன் வயிற்றின் அளவு அறியாமல் பந்திக்கு உட்காருவது போன்றது இது. உத்தேசக் கணக்கு வருமாறு:

வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் பேசினால் ஒரு மணி நேரத்திற்கு 50 எம்பிக்குள் அடங்கும்.

முகம் பார்த்துப் பேசினால் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 300 எம்பி ஆகும். தினம் அரை மணி நேரம் பேசுபவருக்கு மாதம் நாலரை ஜிபி போதும்.

தெளிவான படமாக வீடியோ பார்த்தால் ஒரு மணிக்கே ஒரு ஜிபியும் அதற்கு மேலும் போகும்.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், உம்மாவோடும் மனைவி மக்களோடும் பேசுவதற்கு ஆகும் டேட்டா சொற்பம். பொழுதுபோக்குக்கு ஆகும் டேட்டாவே மிகுதி. சம்பளம் குறைந்த பிள்ளை தன் ஒரு மாதப் போக்கைப் போனிலேயே பார்க்கலாம். செட்டிங்கில் எந்தச் செயலி எவ்வளவு தின்றது என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்துப் பிளான் எடுப்பதே அறிவுடைமை.

நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். வாரத்திற்குப் பத்து வெள்ளி என்பது காதுக்கு மலிவாய்க் கேட்கும். வருஷத்தில் 52 வாரம். ஆகவே 520 வெள்ளி. முப்பது நாளைக்கு 35 வெள்ளி என்பது கனமாய்த் தோன்றும். வருஷத்திற்குப் பெருக்கினால் சுமார் 426 வெள்ளிதான். ஊரில் விற்கும் 28 நாள் பிளானும் இப்படியே. அது மாதக் கணக்கு அன்று, வருஷத்தில் பதின்மூன்று முறை கட்ட வேண்டியது. (இவ்வெள்ளித் தொகைகள் கணக்குக்காகச் சொன்ன மாதிரிகளே; அன்றைய விலையைக் கடையில் கேட்டுக்கொள்க.) எந்தப் பிளானையும் ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்த பின்பே ஒப்பிடுக.

மூன்றாம் பாடம்: எந்தக் கம்பெனி?

இந்நாட்டில் மேக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல், டிஎம்மின் யூனிஃபை, ஒய்டிஎல்லின் யெஸ் ஆகியவை முக்கியமானவை. மேக்சிஸின் பிரீபெய்டுக்கு ஹாட்லிங்க் என்று பெயர். செல்காமும் டிஜியும் 2022ஆம் ஆண்டின் கடைசியில் ஒன்றாகிவிட்டன. இவையன்றி டியூன் டாக், ரெட்ஒன் போன்ற கம்பெனிகள் சொந்தக் கோபுரம் இல்லாமல் பிறருடைய கோபுரத்தை வாடகைக்கு எடுத்து லைன் விற்கின்றன.

எது சிறந்தது என்று கேட்பவர்க்கு நாம் சொல்லும் விடை ஒன்றுதான்: நீங்கள் படுத்துறங்கும் அறையிலும் வேலை செய்யும் இடத்திலும் எது எடுக்கிறதோ அதுவே சிறந்தது. லிட்டில் இந்தியாவின் பழங்காலக் கடைவீடுகள் முன்பக்கம் குறுகி, உள்ளே வெகு நீளமாய்ப் போகின்றவை, சுவரும் தடிப்பானது. ஐந்தடி நடைபாதையில் நான்கு கோடு காட்டும் போன் பின்கட்டுச் சமையலறையில் ஒரு கோடும் காட்டாது. ஆகவே முதல் மாதம் மலிவான பிரீபெய்ட் சிம் ஒன்றைப் போட்டு, இரவு பத்து மணிக்கு, எல்லோரும் உபயோகிக்கும் நேரத்தில், படுக்கும் இடத்திலிருந்து ஊருக்குப் பேசிப் பார்க்க வேண்டும். அறையில் உள்ள மற்றவர்கள் என்ன லைன் வைத்திருக்கிறார்கள் என்றும் விசாரிக்க வேண்டும்.

பின்னால் கம்பெனி மாற நேர்ந்தாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை. அதே எண்ணோடு வேறு கம்பெனிக்குப் போகும் வசதி 2008ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டில் உண்டு. ஒப்பந்தமும் பாக்கியும் இல்லாதிருந்தால் இது எளிது.

நான்காம் பாடம்: பெயரும் பாஸ்போர்ட்டும்

மலேசியாவில் பிரீபெய்ட் சிம்மையும் பெயரில் பதிவது 2006ஆம் ஆண்டு முதல் கட்டாயம். வெளிநாட்டார் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிய வேண்டும். "பாஸ்போர்ட் வேண்டாம், ஏற்கெனவே பதிந்த சிம் இருக்கிறது" என்று எவராவது நீட்டினால் அதைத் தொடவும் வேண்டாம். அந்த எண் வேறொருவர் பெயரில் இருக்கிறது. அவர் நினைத்தால் அது அறுந்துபோகும். அந்த எண்ணால் முன்பு ஏதேனும் மோசடி நடந்திருந்தால் போலீசார் தேடி வருவது அதைக் கையில் வைத்திருப்பவரிடம்.

இதன் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. "உன் பாஸ்போர்ட்டைக் கொடு, ஒரு சிம் எடுத்துக்கொள்கிறேன், ஐம்பது வெள்ளி தருகிறேன்" என்று கேட்போரும் உண்டு. நம் பெயரில் பதிந்த எண் நம்மிடம் உள்ள அமானிதம் போன்றது. அதைக் கொண்டு ஒருவன் முதியவர் ஒருவரின் சேமிப்பைப் பறித்தால், ஏட்டில் இருக்கும் பெயர் நம்முடையது. அவசரப் பணம் ஐம்பது வெள்ளி. அதற்கு விலை மானமும் பெர்மிட்டும்.

போனில் மோசடிக்காரரிடம் பணத்தை இழந்தவர் தாமதியாமல் தம் பாங்கியையும், 2022ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997 எண்ணையும் கூப்பிட வேண்டும். நேரம் கடந்தால் பணம் கைமாறிவிடும்.

ஐந்தாம் பாடம்: பெர்மிட்டின் ஆயுளும் ஒப்பந்தத்தின் ஆயுளும்

இக்கட்டுரையின் உயிர்நாடி இப்பகுதியே. பொறுமையாகப் படிக்க வேண்டுகிறோம்.

பிரீபெய்ட் என்பது ரொக்க வியாபாரம்: கொடுத்த பணத்துக்குச் சரக்கு, அதோடு கணக்கு முடிந்தது. போஸ்ட்பெய்ட் என்பது பற்று வரவு: மாதாமாதம் பில் வரும். பல பிளான்களுக்கு 12 அல்லது 24 மாத ஒப்பந்தம் உண்டு. போனையும் சேர்த்துக் கொடுத்தால் ஒப்பந்தம் இல்லாமல் இராது. வீட்டு இண்டர்நெட்டுக்குப் பெரும்பாலும் 24 மாதம். நடுவில் நிறுத்தினால் எஞ்சிய காலத்திற்கு அபராதம் கேட்பார்கள். வெளிநாட்டாரிடம் முன்பணமும் கேட்பது வழக்கம்.

நம் பிள்ளைகள் பலர் வேலை செய்யும் தற்காலிக வேலை பெர்மிட்டோ ஒரு வருஷத்திற்குரியது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பன்னிரண்டு மாதம் தங்க அனுமதி உள்ளவன் இருபத்து நான்கு மாதத்திற்கு வாக்குக் கொடுப்பது எவ்வாறு பொருந்தும்?

இது வெறும் பேச்சன்று. எமது பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறோம். இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து ஒரு தம்பி உணவுக் கடை வேலைக்கு வந்தார். ஆறு பேர் தங்கும் அறைக்கு இண்டர்நெட் போட எண்ணினார்கள். மற்றவர்களின் பெர்மிட் புதுப்பிப்பில் இருந்தது. புதிதாய் வந்த இவருடைய தாள்கள் சரியாயிருந்தன. எனவே இவர் பெயரில் 24 மாத ஒப்பந்தம் ஆயிற்று. பதினோராம் மாதம் கடை மூடப்பட்டது, பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. தம்பி ஊர் போனார். அறையில் இருந்தவர்கள் இரண்டு மாதம் கட்டினார்கள், பிறகு ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து வேறொரு முதலாளியிடம் வேலைக்குத் திரும்பி வந்து ஒரு லைன் கேட்டபோது, பழைய பாக்கியும் அபராதமும் அவர் பெயரில் காத்துக்கொண்டிருந்தன. அனுபவித்தவர் ஆறு பேர், கடனாளி ஒருவர். முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடித்துப் பிடித்துக் கட்டித் தீர்த்தார். அந்த மூன்று மாதமும் ஊருக்குப் போன பணம் பாதிதான். தங்கச்சியின் படிப்புக் கட்டணம் தாமதமாயிற்று.

ஆகவே விதி இதுதான்: ஒப்பந்தத்தின் ஆயுள் பெர்மிட்டின் ஆயுளுக்கு மேல் ஒரு மாதமும் நீளக் கூடாது. பெர்மிட் குறுகியதானால் பிரீபெய்டே போதும்; அல்லது ஒப்பந்தம் இல்லாத போஸ்ட்பெய்ட் என்று எழுத்தில் உறுதி பெற்று எடுக்கலாம்.

முதலாளிமார்க்கும் ஒரு வார்த்தை. வேலையாட்கள் தங்கும் இடத்திற்கு இண்டர்நெட் போடுவதானால் அதைக் கடையின் பெயரிலேயே போடுங்கள். கடைக்கு லைசென்ஸ் இருக்கிறது, நிலைத்த விலாசம் இருக்கிறது. நேற்று வந்த பிள்ளையின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமன்று. இதில் லாபமும் உண்டு. கணக்குப் பாருங்கள்: ஆறு பேர் தனித்தனியே 35 வெள்ளிப் பிளான் எடுத்தால் மாதம் 210 வெள்ளி. வீட்டு லைன் 100 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 6 சதவீதச் சேவை வரியோடு 106. வெளியில் போகும்போது பேச ஆளுக்கு 12 வெள்ளியில் சிறிய பிரீபெய்ட் போட்டால் 72. ஆக 178 வெள்ளி. மாதம் 32 வெள்ளி மிச்சம். வருஷத்தில் 384 வெள்ளி. சம்பளத்தில் பிடிப்பதானால் எவ்வளவு என்பதை முன்பே சொல்லி எழுதி வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது நம் மார்க்கம் நமக்குக் கற்றுத்தந்த பழக்கந்தானே?

ஆறாம் பாடம்: வீட்டு இண்டர்நெட்

யூனிஃபை, டைம், மேக்சிஸ், செல்காம்டிஜி ஆகியவை கண்ணாடி இழை லைன் தருகின்றன. ஆனால் எல்லாத் தெருவுக்கும் எல்லாமும் வராது. டைம் பெரும்பாலும் அடுக்குமாடிகளில் கிடைக்கும். வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே, அந்த விலாசத்தைச் சொல்லி எந்த லைன் வரும் என்று கேட்டுவிட வேண்டும். வாடகை வீடானால் வீட்டுக்காரரின் சம்மதம் பெறுவது அவசியம். ஜார்ஜ் டவுன் 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததை நாம் அறிவோம். அப்பகுதியில் உள்ள பழைய கட்டடத்தின் முகப்பில் கேட்காமல் துளை போடுவது கூடாது.

வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்வார்கள். இங்கே ஒரு நுட்பம் உண்டு. வேகத்தை பிட்டில் அளக்கிறார்கள். கோப்பை பைட்டில் அளக்கிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் லைன் ஒரு வினாடிக்குப் பன்னிரண்டரை எம்பிதான் இறக்கும். இது குறைபாடன்று, அளவையின் வேற்றுமை. ஆறு பேர் உள்ள அறைக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். 500 எம்பிபிஎஸ் எடுத்தும் படம் நின்று நின்று வந்தால், குற்றம் லைனில் இராது. ரவுட்டர் வைத்த இடத்தில் இருக்கும். கல்லாப் பெட்டிக்கு அடியில், இரும்பு அலமாரிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைத்தால் அலை எப்படி மாடி ஏறும்? உயரத்தில், நடுவில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். நீளமான கடைவீட்டில் பின்கட்டுக்குக் கம்பி இழுத்து இரண்டாவது வைபை பெட்டி வைப்பதே நிலையான பரிகாரம்.

வெகு காலமாய் லைன் வைத்திருக்கும் வியாபாரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரசாங்கத்தின் விலை விதியால் 2018ஆம் ஆண்டில் வீட்டு இண்டர்நெட் விலை இந்நாட்டில் வெகுவாய் இறங்கிற்று. 2023ஆம் ஆண்டில் மொத்த விலை மறுபடியும் குறைக்கப்பட்டது. ஆனால் பழைய பிளானில் இருப்பவர் கேளாதிருந்தால் பழைய விலையே கட்டிக்கொண்டிருக்க நேரும். ஒப்பந்தம் முடிந்ததும் இன்றைய விலை என்ன என்று கேளுங்கள். கேட்பவனுக்கே விலை குறையும் என்பது சந்தைக்குப் பழகிய நமக்குத் தெரியாததா?

ஏழாம் பாடம்: விளம்பரச் சொற்களின் பொருள்

"அன்லிமிடெட்" என்றால் அளவில்லாதது என்று பொருள். ஆனால் சிறு எழுத்தில், இத்தனை ஜிபிக்கு மேல் வேகம் குறையும் என்று இருக்கும். அந்த எண்ணிக்கையைக் கேளுங்கள்.

"ஹாட்ஸ்பாட்" என்பது நம் போனின் டேட்டாவை மற்றவருக்குப் பகிர்வது. பல பிளான்களில் இதற்குத் தனி வரம்பு உண்டு.

"முதல் ஆறு மாதம் பாதி விலை" என்றால் ஏழாம் மாதத்து விலையைக் கேளுங்கள். 24 மாத மொத்தத்தையும் கூட்டிப் பாருங்கள்.

"ரோமிங்" என்பது நம் நாட்டு லைன் அயல் நாட்டுக் கோபுரத்தைப் பிடிப்பது. சரக்குக்காகப் பாடாங் பெசார் போகின்றவருடைய போன் தாய்லாந்துக் கோபுரத்தையும், ஜோகூர் பாரு போகின்றவருடைய போன் சிங்கப்பூர்க் கோபுரத்தையும் தானே பிடித்துவிடக்கூடும். எல்லைக்குப் போகுமுன் டேட்டா ரோமிங்கை மூடுக.

இந்நாட்டை விட்டு வேறு நாடு செல்வோர்க்கும் இப்பாடங்கள் பெரும்பாலும் பொருந்தும். ஆயினும் அந்தந்த நாட்டின் வழமையை அறிந்து போக வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சாதாரண வாட்ஸ்அப் வழிப் பேச்சு நெடுங்காலமாய்த் தடுக்கப்பட்டுள்ளது. அங்கே அனுமதி பெற்ற செயலிகளையே நாட வேண்டும். துபாய் போகும் பிள்ளை மலேசியாவை நினைத்துக்கொண்டு போனால், முதல் இரவிலேயே வீட்டோடு பேச முடியாமல் கலங்குவான்.

எட்டாம் பாடம்: முறையீடு

பில் தவறாய் வந்தால் கூச்சலிடுவதால் பயனில்லை. முதலில் கம்பெனியிடம் முறையிட்டு, முறையீட்டு எண்ணை வாங்கிக்கொள்க. தேதியையும் பேசியவர் பெயரையும் குறித்து வைக்க. அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திற்கு எழுதலாம். நம் ஊரிலேயே பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. அதை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தி 2019ஆம் ஆண்டு மறைந்த எஸ்.எம். முகமது இத்ரீஸ் அவர்கள் தமிழகத்திலிருந்து வந்த ஒரு முஸ்லிம் வியாபாரியே. விற்கிறவராய் இருந்துகொண்டு வாங்குகிறவரின் ஹக்குக்காகப் பாடுபட்ட அப்பெரியார், வியாபாரிக்கும் பயனீட்டாளருக்கும் பகையில்லை என்பதை வாழ்ந்து காட்டினார். அந்த வழியில் வந்த நாம் எழுத்தறியாத ஒரு பிள்ளைக்கு ஒரு பில்லைப் படித்துச் சொல்வது பெரிய காரியமா?

பயிற்சி வினாக்கள்

கடைக்குப் புதிதாய் வரும் தம்பியிடம் இவ்வினாக்களைக் கேளுங்கள். விடை தெரியாதவற்றை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள்.

1. உன் பெர்மிட் எந்தத் தேதியில் முடிகிறது? நீ எடுக்கும் பிளான் எந்தத் தேதியில் முடிகிறது?

2. உன் ஊர் எண்ணுக்குக் கடைசியாகப் பணம் போட்டது எப்போது?

3. நீ வைத்திருக்கும் சிம் யார் பெயரில் இருக்கிறது?

4. உன் பிளான் ஒரு நாளைக்கு எத்தனை காசு ஆகிறது?

5. நடுவில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும்? அது எழுத்தில் இருக்கிறதா?

இவ்வைந்துக்கும் விடை சொல்லத் தெரிந்த பிள்ளையை எந்தக் கவுண்டரிலும் எவரும் ஏமாற்ற இயலாது. அவன் சம்பாதித்தது அவன் வீடு போய்ச் சேரும். அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.